முக்கில் துண்டோடு நின்ற மதினிக்கு

என் பொல்லாத கோதை மதினிக்கு, உங்க வாய்க்குப் பயப்படாத ஒரே நாத்தனா முத்து எழுதுறது.

முதல்லயே சொல்லிடுறேன். நான் அஞ்சாப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துல தப்பு இருக்கும். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க, எனக்குக் கேக்கவா போகுது? கேட்டால் நல்லாத்தான் இருக்கும். நீங்க சிரிச்சு முடிக்கும்போது கடைசியில ஒரு விக்கல் வரும் பாருங்க, அதைக் கேட்டு வருசம் ஒண்ணு தாண்டிருச்சு.

உங்க நினைவு நாளுக்கு இந்த முடுக்குச் சந்துக்காரங்க எல்லாரும் சேர்ந்து ஒரு சின்னப் புஸ்தகம் போடுறாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதணுமாம். ஒரு பக்கத்துல உங்களை எழுதி முடிக்கிறவங்க உங்களைப் பார்த்தே இருக்க மாட்டாங்க. நான் நாலஞ்சு பக்கம் கேட்டேன். "ஏக்கா, உங்க மதினிக்கு மேல நீங்க வாயாடி"ன்னு சொல்லிட்டுக் குடுத்துட்டாங்க.

அங்க எப்படி மதினி? வெயில் உண்டா? பக்கத்துல பேச ஆள் இருக்கா? இல்லாமலா, இல்லாட்டியும் நீங்க உண்டாக்கியிருப்பீங்க.

நான் இன்னமும் ராஜபாளையத்துல அதே பேண்டேஜ் கம்பெனிலதான். துணியைச் சுத்துறோம், பாக்கெட்டுல போடுறோம், எங்கயோ யாரோ அடிபடுறாங்க, நமக்கு வேலை ஓடுது. "ஏட்டி, ஊருக்கெல்லாம் கட்டுப் போடத் துணி சுத்துறியே, உன் வாய்க்கு ஒண்ணு சுத்திக்கிட்டா என்ன?"ன்னு கேப்பீங்க. அதைக் கேக்க ஆள் இல்லாம என் வாய் ரொம்பப் பெருத்துப் போச்சு.

உங்க வீட்டுக்கு வர ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸ்டாண்டுல இறங்கினதும் கை தானா பூக்கடைக்குப் போகும். உங்க தலைக்கு வாங்கின பழக்கம். இப்போ உங்க படத்துக்கு வாங்குறேன். அந்தப் படத்துல நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க. உங்க ஆயுசுல அந்த ஒரு நிமிசம்தான் வாயை மூடியிருப்பீங்க, அதைப் பார்த்து அந்தப் போட்டோக்காரர் டப்புன்னு அமுக்கிட்டார்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்றேன். அண்ணனைப் பத்தி. பயந்துறாதீங்க. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். இந்தா, பக்கத்துல கட்டில்ல உட்கார்ந்து நான் எழுதுறதை எட்டிப் பார்க்கிறார். முடிவை முதல்லயே சொல்லிட்டேன், இனிமே நிதானமாக் கேளுங்க.

உங்க வீட்டு நடையில ஸ்டூல் மேல ஒரு சிவப்புப் போன் இருக்குமே. முடுக்குல எல்லார் கையிலயும் செல்லு வந்த பொறவும், யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னா உங்ககிட்டத்தான் ஓடி வருவாங்க. "108-க்காரங்களுக்கு வழி சொல்ல எங்களுக்கு வராதுக்கா, நீங்களே சொல்லுங்க"ம்பாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. உங்க முடுக்குக்குப் பலகையில ஒரு பேரு, ஆதார் கார்டுல ஒரு பேரு, ஆளுங்க வாயில ஒரு பேரு. மூணுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

நீங்க போனை எடுப்பீங்க. கண்ணை மூடிக்குவீங்க. மூச்சு விடாம ஆரம்பிப்பீங்க.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க. பஸ்ஸ்டாண்டுல இருந்து வந்தா தேர் நிக்கிற எடம் வரும். தேரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கோங்க, ஆனா வண்டியை நிப்பாட்டாதீங்க. நேரா வந்தா இடது கைப்பக்கம் மாவு மில்லு, சத்தம் கேக்கும். சத்தம் முடியுற எடத்துல ஒரு முடுக்கு. வண்டி உள்ள வராது, தலைகீழா நின்னாலும் வராது. முக்குல நான் துண்டோட நிப்பேன். என்னைப் பார்த்தா நிப்பாட்டுங்க."

சொல்லும்போது இடது கையால காத்துலயே வழி காட்டுவீங்க. நேரா, வளைவு, மில்லு, முடுக்கு, எல்லாம் கையிலயே வரும். போன்ல இருக்கிறவருக்கு உங்க கை தெரியுமா மதினி? சொல்லி முடிச்ச வேகத்துல, அண்ணனுக்கு நூல் மில்லுல ஃபிட்டர் வேலை பார்த்தப்ப குடுத்த ஆரஞ்சுத் துண்டை உருவிக்கிட்டு, முடுக்குத் திரும்புற முக்குக்கு ஓடுவீங்க. ஆம்புலன்ஸ் டிரைவருங்க உங்களுக்குத் 'துண்டக்கா'ன்னே பேரு வச்சிருந்தாங்க. அது உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, தெரிஞ்சு உள்ளுக்குள்ள பெருமைப்பட்டது எனக்குத் தெரியும்.

இதைத்தான் நான் பழிச்சுக் காட்டுவேன். பொங்கலோ காதுகுத்தோ, நாலு பேரு கூடிட்டாப் போதும், "முத்து, கோதை மதினி வழி சொல்லு"ன்னு கேப்பாங்க. நான் எந்திரிச்சு, சேலையை உங்களை மாதிரியே தூக்கிச் செருகிக்கிட்டு, கண்ணை மூடி, கையைத் தூக்கி, "தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க"ன்னு ஆரம்பிச்சா வீடே உருளும். நீங்க அடுப்படியில இருந்து கரண்டியோட வருவீங்க.

"ஏட்டி, உசிருக்குப் போராடுறவன் வீட்டுச் சங்கதி உனக்குக் கூத்தா இருக்கா?"

"கூத்து நீங்க ஆடுறது மதினி. நான் டிக்கெட்டு இல்லாமப் பார்க்கிறேன்."

"உனக்கு ஒண்ணுன்னா நான் போன் போட மாட்டேன், பாரு."

"அப்போ நான் சாகவே மாட்டேன்."

அண்ணன் துண்டால வாயை மூடிக்கிட்டுச் சிரிப்பார். அம்புட்டுச் சிரிப்பும் தோள்ல தெரியும்.

உங்களுக்கே மூச்சு முட்டின அன்னைக்கும் வழி சொன்னது நீங்கதானாமே. அண்ணன் சொன்னார். பாதி பாதியா, மூச்சு வாங்கி வாங்கி, தேருக்குக் கும்பிடு போடச் சொன்னதையும் விடாம சொன்னீங்களாம். முக்குல நிக்க மட்டும் முடியல. துண்டை அண்ணன் கையில குடுத்து, "நீங்க போய் நில்லுங்க, உயரமாப் பிடிங்க"ன்னீங்களாம். அந்த வண்டியில போன நீங்க ஆஸ்பத்திரியில இருந்து எங்ககிட்டத் திரும்பி வந்தது பேசுற ஆளா இல்ல.

அந்தத் துண்டை அண்ணன் துவைக்கவே விடலை.

நீங்க போன பொறவு அந்தச் சிவப்புப் போனும் ரொம்ப நாள் தங்கல. ரோட்டைத் தோண்டினாங்க, குழாய் போட்டாங்க, மூடினாங்க. குழாயில தண்ணி வந்துச்சு, போன்ல சத்தம் வரல. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டோம். செல்லு வாங்கித் தாரோம்னா அண்ணன் கேக்கலை. "அது எந்நேரமும் சட்டைப் பையில கிடந்து துடிக்குது. உள்ள ஒண்ணு துடிக்கிறது பத்தாதா?"ன்னுட்டார்.

அப்புறந்தான் உங்க மகன் கண்ணன் ஹைதராபாத்துல இருந்து வரும்போது ஒரு போன் கொண்டாந்தான். கறுப்பா, வழவழன்னு, பொத்தானுக்குப் பஞ்சமில்லாத போன். நெட்டு வர்ற பெட்டியில வயரைச் சொருகிட்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

"அத்தை, இது இன்டர்நெட்டுல பேசுற போன். என் வீட்டுல ரெண்டு வச்சிருந்தேன், ஒண்ணு அப்பாவுக்கு. நம்பரு ஹைதராபாத் நம்பரு, ஆனா நெட்டு இருக்கிற எந்த எடத்துல சொருகினாலும் வேலை செய்யும்."

"எங்க சொருகினாலுமா மருமகனே?"

"எங்க சொருகினாலும்."

"மெட்ராஸ்ல?"

"மெட்ராஸ் என்ன, அமெரிக்காவுலகூட."

"உங்கம்மா இருக்கிற எடத்துல?"

நான் கேலிக்குத்தான் கேட்டேன் மதினி. பிள்ளை மிச்சம் கிடந்த வயரைக் கையில சுத்திக்கிட்டே இருந்தான். நான் காபி போடப் போறேன்னு எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டேன்.

அந்தப் போனை அண்ணனுக்குப் பிடிச்சுத்தான் போச்சு. ராத்திரிச் சாப்பாடானதும் மகன்கிட்டப் பேசுவார். மாசத்துல ஒரு நாள் பகல் பூரா கரண்டை நிறுத்துவாங்கல்ல, அன்னைக்கு மட்டும் அந்தப் போனும் விரதம் இருக்கும். பழைய சிவப்புப் போன் ஊரே இருண்டு கிடந்தாலும் பேசும், இதுக்குக் கரண்டும் வேணும், நெட்டும் வேணும், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை கணக்கா. தூசி விழாம இருக்க அண்ணன் அது மேல உங்க ஆரஞ்சுத் துண்டைப் போட்டு மூடி வச்சிருந்தார்.

ஒரு நாள் நான் வந்தப்போ போனைக் காதுல வச்சுக்கிட்டுப் பேசாம நின்னார். "யாருண்ணே?"ன்னேன். "நம்ம பழைய நம்பரைப் போட்டுப் பார்த்தேன்"ன்னார். "அதான் போயிருச்சே, யாரு எடுப்பா?" "யாரும் எடுக்கலை"ன்னு சொல்லி வச்சுட்டார். அன்னைக்கு அவரை நான் கேலி பண்ணலை. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும், அது எம்புட்டுக் கஷ்டம்னும் தெரியும்.

இப்போ அந்தச் சனிக்கிழமைக்கு வாரேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை. உங்க முடுக்கே பூட்டிக்கிட்டு நம்ம ஊருக்குப் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க மலைக்குப் போயிருந்துச்சு. மாவு மில்லுகூடப் பூட்டு. நான் விடியவே மலைக்குப் போய், கூட்டத்துல மிதிபட்டு, பெருமாளைப் பாதியும் முன்னால நின்னவர் மொட்டையைப் பாதியும் பார்த்துட்டு, மத்தியானத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். வழியெல்லாம் வீடியோ எடுத்து என் செல்லு செத்துக் கிடந்துச்சு. அதைச் சார்ஜுல போட்டுட்டு, அண்ணனுக்கு இலையைப் போட்டேன்.

அண்ணன் சோத்தைப் பிசைஞ்சார். பிசைஞ்ச கை அப்படியே நின்னு போச்சு. தண்ணி டம்ளரை எடுத்தார், அது கீழே விழுந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு.

நான் சிரிச்சேன் மதினி. "என்னண்ணே, எனக்கே பழிப்புக் காட்டுறீங்களா? அது என் வேலையில்ல?"

அவர் என்னமோ சொன்னார். சொல்லு வரலை, கொழகொழன்னு சத்தம்தான் வந்துச்சு. அப்போதான் கண்ணைப் பார்த்தேன். கண்ணு சிரிக்கலை.

செல்லை எடுத்து அமுக்குறேன், முழிக்க மாட்டேங்குது. நடையில போன் இருக்கேன்னு ஓடினேன். துண்டை இழுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு 108 அமுக்கினேன். என் ஆயுசுல 108 போட்டது அதான் முதல் தடவை. அதெல்லாம் எப்பவும் உங்க டிபார்ட்மெண்டுல்ல?

ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டாங்க. "செப்பண்டி அம்மா, ஏமைந்தி?"ன்னு, என்ன ஆச்சு சொல்லுங்கன்னு ஒரு பொண்ணு குரல். தெலுங்கு.

எனக்கு என்ன தோணுச்சுன்னு சொன்னா நீங்க கரண்டியோட வருவீங்க. அடடா, நம்ம ராஜபாளையத்துப் பிள்ளை ஒண்ணு 108-ல வேலைக்குச் சேர்ந்திருக்கேன்னு தோணுச்சு! எங்க தெருவுல பாதி வீட்டுல தெலுங்குதானே பேசுவாங்க. கம்பெனியில எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுறவளும் தெலுங்கு, அவகிட்ட நானும் அரைகுறையாப் பேசுவேன். எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. நம்ம பிள்ளை, நம்ம ஊரு, சொன்னா உடனே புரியும்.

"பாப்பா, நல்லாயிருப்ப. எங்கண்ணனுக்கு வாய் கோணிருச்சு, மாட்ட ராலேது"ன்னேன். பேச்சு வரலைன்னு சொன்னேன்.

"அட்ரஸ் செப்பண்டி அம்மா."

"அட்ரஸ் என்னத்துக்குப் பாப்பா? தேரு தெரியும்ல, தேரு? அதைத் தாண்டி மாவு மில்லு."

"எக்கட அம்மா?"

"இங்கதாம்மா! தேரு தெரியாதா உனக்கு? நீ ராஜபாளையத்துல எந்தத் தெரு?"

அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. பொறவு மெதுவா, "அம்மா, மீரு ஹைதராபாத்லோ லேரா?"ன்னு கேட்டா.

"நான் எதுக்கும்மா ஹைதராபாத்துல இருக்கேன்? அங்க இருக்கிறது என் மருமகன்!"

சொன்ன பொறவுதான் என் காதுலயே அது விழுந்துச்சு. நான் பேசிக்கிட்டிருந்தது ஹைதராபாத்துல இருக்கிற 108-க்கு. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல கண்ணன் வீட்டு அட்ரஸ் தெரியுதாம். போனை இங்க கொண்டாந்து சொருகினா என்ன, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த மாடி வீடுதான். நான் உங்க வீட்டு நடையில, உங்க படத்துக்கு நேரே நிக்கிறேன் மதினி. உலகத்துல நான் எங்க நிக்கிறேன்னு எனக்கு இவ்வளவு தெளிவாத் தெரிஞ்ச எடம் வேற இல்ல. போனுக்கு அது தெரியலை.

அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. முகம் தெரியாத பிள்ளை, பதறாமப் பேசினா. இங்க இருந்து வண்டி அனுப்ப முடியாதம்மா, சீக்கிரம் அந்த ஊரு செல்போன்ல இருந்து போடுங்கன்னா. நான் இடது கையில தண்ணிச் செம்பை எடுத்துக்கிட்டு நிக்கிறது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ, "நீள்ளு இவ்வகண்டி அம்மா"ன்னா. தண்ணி குடுக்காதீங்க. ஒரு பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வைங்க. வச்சேன். செம்பைக் கீழே வச்சேன், அண்ணனைச் சாய்ச்சுப் படுக்க வச்சேன், ஓடினேன்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன், பூட்டு. எதிர் வீடு, பூட்டு. பெருமாளே, எல்லாரையும் நீயே கூப்பிட்டுக்கிட்டா எனக்கு யாருன்னு கத்திக்கிட்டே முக்குக்கு ஓடினேன். மாவு மில்லுப் படியில மலையில இருந்து இறங்கி வந்த ஒரு அம்மாவும் மொட்டை போட்ட அவங்க வீட்டுக்காரரும் ஆட்டோவுக்கு உட்கார்ந்திருந்தாங்க. ஊரு செட்டியார்பட்டியாம். அது அப்புறம் கேட்டுக்கிட்டது. அப்போ நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"யம்மா, போன் இருக்கா?"

மடியில இருந்து ஒரு பட்டன் போனை எடுத்தாங்க. ஏன் எதுக்குன்னு கேக்கலை. என் மூஞ்சி சொல்லியிருக்கும். அவங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வீட்டு வாசலுக்கு வந்தேன், வர்ற வழியிலயே அவங்க 108 போட்டு என் காதுல வச்சுட்டாங்க.

தமிழ். ஒரு தம்பி. என்ன ஆச்சுன்னு கேட்டார், சொன்னேன். "எந்த எடம்மா, வழி சொல்லுங்க"ன்னார்.

மதினி, எனக்கு ஒண்ணும் வரலை. நீங்க கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வந்து போற முடுக்கு. கண்ணைக் கட்டி விட்டாலும் வீட்டுக்கு வந்து சேருவேன். ஆனா சொல்லத் தெரியலை. பலகைப் பேரா, ஆதார்ப் பேரா? எதைச் சொன்னாலும் வேற எங்கயாவது போயிருமோ? இதுவும் ஹைதராபாத்துக்குப் போயிருமோ? "அம்மா, லைன்ல இருக்கீங்களா?"ன்னு தம்பி கேக்கிறார்.

அப்போ என் கண்ணு தானா மூடுச்சு. இடது கை தானா மேல போச்சு.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க. பஸ்ஸ்டாண்டுல இருந்து வந்தா தேர் நிக்கிற எடம் வரும்."

என் குரல் இல்ல அது. நான் பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் போட்டுப் போட்டுப் பழகின உங்க குரல். மூச்சு விடலை. தேரைக் கும்பிடச் சொன்னேன், வண்டியை நிப்பாட்டாதீங்கன்னு சொன்னேன். தலைகீழா நின்னாலும் உள்ள வராதுன்னும் சொன்னேன். எதையாவது விட்டா அடுத்தது வராதே, அதனால எல்லாத்தையும் சொன்னேன். "முக்குல நான் துண்டோட நிப்பேன். என்னைப் பார்த்தா நிப்பாட்டுங்க."

"புரிஞ்சதும்மா, முக்குலயே நில்லுங்க"ன்னார் அந்தத் தம்பி.

துண்டு என் தோள்லதான் கிடந்துச்சு. போன் மேல இருந்து எப்போ எடுத்தேனோ, அது என்னை விடலை. செட்டியார்பட்டிக்காரம்மா அண்ணன் தலையை மடியில எடுத்து வச்சுக்கிட்டு, "நீ போம்மா, நான் பார்த்துக்கிறேன்"ன்னாங்க. நான் முக்குல போய் நின்னேன்.

வண்டி வந்துச்சு, என்னைத் தாண்டிப் போச்சு! ஏன்னு சொல்லுங்க. மில்லுச் சத்தம் கேக்கும்னு சொன்னேன்ல? மில்லுதான் பூட்டிக் கிடக்கே. டிரைவரு சத்தத்தைத் தேடிக்கிட்டே போயிட்டார். நான் நடு ரோட்டுல நின்னு துண்டைச் சுத்துறேன், குதிக்கிறேன், கத்துறேன். கண்ணாடியில ஆரஞ்சு தெரிஞ்சிருக்கு. வண்டி நின்னு, ரிவர்ஸ் எடுத்து வந்துச்சு. இறங்கினதும் டிரைவரு துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துண்டக்கா வீடா?"ன்னார்.

"ஆமாய்யா, துண்டக்கா வீடுதான்"ன்னேன்.

இங்க பெரியாஸ்பத்திரியில பார்த்துட்டு மதுரைக்கு அனுப்புனாங்க. மூளையில ரத்தம் கட்டியிருக்குன்னாங்க, ஊசி போட்டாங்க. "நேரத்துல கொண்டாந்துட்டீங்க"ன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. நான் கொண்டு வரலை டாக்டர்னு சொல்ல வாய் வந்துச்சு. சொன்னா என்னையும் ஒரு கட்டில்ல படுக்க வச்சிருவாங்கன்னு அடக்கிக்கிட்டேன்.

அண்ணனுக்குப் பேச்சு திரும்ப நாளாச்சு. முதல் முதலா வாயைத் திறந்து கேட்டது தண்ணி இல்ல, கஞ்சி இல்ல.

"அவ எங்க?"ன்னார்.

"யாருண்ணே?"

"வழி சொன்னாளே."

வாசல்ல நான் சொன்னது உள்ள கிடந்தவருக்குக் கேட்டிருக்கு மதினி. அவர் கண்ணை மூடிக் கிடந்தார், உங்க குரல் கேட்டிருக்கு. நீங்க வந்துட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டே அத்தனை நாளும் படுத்திருந்திருக்கார். நான் என்ன சொல்ல? ஆமாண்ணே, வந்தாங்கன்னு சொல்லவா? உங்களை வச்சு நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன், அன்னைக்கு வரலை.

"நாந்தாண்ணே அது. பழிச்சுக் காட்டுவேன்ல, அதான்"ன்னேன்.

என்னைப் பார்த்தார். பொறவு சிரிச்சார். வாய் ஒரு பக்கம்தான் சிரிச்சுச்சு. கண்ணீர் ரெண்டு பக்கமும் வந்துச்சு.

கண்ணன் பதறி ஓடி வந்தான். "அத்தை, போனுக்கு அந்த அட்ரஸ்தான் தெரியும்னு எனக்குத் தோணவே இல்லையே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டான். "நீ என்னடா, நான் ஹைதராபாத்துப் பொண்ணுகிட்டயே ராஜபாளையத்துல எந்தத் தெருன்னு கேட்டவள்"ன்னேன். அழுதுக்கிட்டிருந்த பிள்ளை சிரிச்சுட்டான். உங்க விக்கல் அவனுக்கும் இருக்கு மதினி, இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்ல.

அந்தப் போனை எடுத்துட்டுப் போகச் சொல்லலை. மகன்கிட்டப் பேச அது வேணும். எங்க கம்பெனி பிளாஸ்திரியில ஒரு துண்டு வெட்டி அது நெத்தியில ஒட்டி, 'உடம்புக்கு முடியலைன்னா என்னைத் தொடாதே'ன்னு என் கையெழுத்துல எழுதிட்டேன். அண்ணனுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டியாச்சு. வேண்டாம் வேண்டாம்னு திமிறினார். "நீங்க மதினிக்குக் கட்டினப்போ அவங்க திமிறினாங்களா? சும்மா இருங்க"ன்னேன். உங்க வீட்டுக்காரர் இப்போ தாலியோட அலையுறார், வந்து பாருங்க.

நானும் இங்கயே வந்துட்டேன். என் வீட்டுக்காரர் லாரியில வடக்க போனா வர நாளாகும், பிள்ளைங்களும் கல்யாணமாகிப் போயாச்சு, யாருக்குக் காவல் இருக்க? இங்க இருந்தே பஸ்ல கம்பெனிக்குப் போய் வாரேன். அண்ணன் கம்பை ஊனி முக்கு வரைக்கும் நடக்கிறார். முடுக்குப் பொம்பளைங்களை எல்லாம் உட்கார வச்சு உங்க வழியைச் சொல்லச் சொல்லிப் பழக்கிட்டேன். எல்லாருக்கும் சொல்லு வந்துருச்சு. அந்த இடது கை மட்டும் ஒருத்திக்கும் வரலை.

சாயங்காலம் விளக்குப் போட்ட பொறவு அண்ணன், "அதைச் சொல்லு"ம்பார். எதைன்னு நான் கேக்கிறது இல்ல. சேலையைச் செருகிக்கிட்டுச் சொல்லுவேன். முன்னே எல்லாம் சிரிக்கக் கேப்பார். இப்போ கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கிறார்.

அண்ணன் இப்போ கண்ணசந்துட்டார். ஒரு விசயம் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை, முதல்ல உங்ககிட்டச் சொல்றேன். உங்க குரல்ல எனக்கு வர்றது அந்த வழி மட்டும்தான். நீங்க என்னைத் திட்டினதை, சாப்பிட்டியான்னு கேட்டதை, என் பெரியவள் பிரசவத்துல என் காதுக்குள்ள சொன்னதை எல்லாம் தனியா இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். வார்த்தை வருது, நீங்க வர மாட்டேங்குறீங்க. அந்தத் தேரும் மில்லும் முடுக்கும்தான் என்கிட்ட மிச்சம். அதையும் சொல்லச் சொல்ல என் குரலா ஆயிருமோன்னு பயமா இருக்கு. ஆயிருமா மதினி?

நீங்க எங்க இருக்கீங்க? இதைக் கேலிக்குக் கேக்கலை. எந்தப் போனுக்கும் தெரியலை. அண்ணன் பழைய நம்பரைப் போட்டுப் பார்த்தது மாதிரி நானும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். அவர்கிட்டச் சொல்லிறாதீங்க.

எப்படியும் ஒரு நாள் அங்க வாரேன். அவசரமில்ல, அண்ணனுக்கு ரசம் வைக்க ஆள் வேணும். ஆனா வரும்போது எனக்கு வழி தெரியாது, அங்க தேரு இருக்கோ மில்லு இருக்கோ. நீங்க முக்குல துண்டோட நில்லுங்க, உயரமாப் பிடிங்க. வேற துண்டு பார்த்துக்கோங்க. இந்த ஆரஞ்சுத் துண்டு எனக்கு இங்க வேலைக்கு வேணும்.

அதுவரைக்கும் உங்களுக்கு என் வாக்கு. இந்த முடுக்குல யாருக்கு என்ன ஆனாலும், மில்லு ஓடினாலும் பூட்டிக் கிடந்தாலும், முக்குல நான் துண்டோட நிப்பேன்.

இப்போ இந்த ஊருக்கே துண்டக்காவாகிப் போன,
உங்களைப் பழிச்சுக் காட்டியே உங்களை விடாமப் பிடிச்சு வச்சிருக்கிற
உங்க நாத்தனா
முத்து